பத்தாயிரம் வெள்ளிக்குள் பழைய காடி: சுங்கை சிப்புட் பக்கம் பார்த்து வாங்கும் முறை

கையில் 10,000 வெள்ளி இருந்தால் 7,000 வெள்ளிக்குள் முடியும் காடியைத் தேடுங்கள். மீதி 3,000 வெள்ளியும் அந்தக் காடிக்கே போகும். 15 வயதைத் தாண்டிய காடி, விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தாயரிலோ அப்சோர்பரிலோ ரேடியேட்டரிலோ வாங்குபவர் தலையில் கொஞ்சம் கடனை வைத்துவிட்டுத்தான் கை மாறும். முழுப் பணத்தையும் விலையாகக் கொடுத்தவர் முதல் மாதமே வாட்டர் பம்ப் ஒழுகும்போது பட்டறைக்குப் போக வழியில்லாமல் தினமும் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுவார். ஒரு நாள் தண்ணீர் குறைந்து எஞ்சின் சூடேறும், சிலிண்டர் ஹெட் வளையும். 300 வெள்ளியில் முடிந்திருக்க வேண்டிய வேலை 1,500 வெள்ளிக்குப் போய் நிற்கும். தோட்டப்புறத்தில் நல்ல காடிகள் பல இப்படித்தான், பழைய காடிகளைப் பிரித்து உதிரிபாகம் விற்கும் பொட்டோங் கடைக்குப் போகின்றன.

எந்த மாடல் என்பதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பெரோடுவா மைவி முதல் தலைமுறை 2005-இல் வந்தது. அதன் 1300 சிசி வகையில் கே3-விஇ எஞ்சின், வால்வுகளை நேரத்துக்கு இயக்க டைமிங் பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின். பெல்ட் மாற்றும் செலவு இல்லை, உதிரிபாகம் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். 2007-இல் வந்த விவாவின் 1000 சிசி எஞ்சினுக்கும் செயின்தான். சாலை வரி வெறும் 20 வெள்ளி. மூன்று சிலிண்டர் என்பதால் நிற்கும்போது கொஞ்சம் நடுங்கும், அது கோளாறு அல்ல. ஆனால் ஸ்டீயரிங்கும் கதவும் சேர்ந்து ஆடினால் எஞ்சின் மவுண்டிங் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோட்டோன் வீரா 1.5 இன்னும் மலிவு. அதற்குப் பெல்ட், வயதும் கூடுதல், ஆனால் அதைப் பிரித்துப் பூட்டத் தெரியாத பட்டறைக்காரர் பேராக்கில் இருக்க மாட்டார். 2008-இல் வந்த சாகா பிஎல்எம்-க்குக் கேம்ப்ரோ எஞ்சின். அதன் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பெல்ட் மாற்றிய ரசீதோ, எஞ்சின் அறையில் கிலோமீட்டர் எழுதிய ஸ்டிக்கரோ இல்லையென்றால் அந்த வேலைக்கான செலவை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். பிந்திய சாகா எஃப்எல்எக்ஸ் தானியங்கி வகைக்கு சிவிடி (கட்டம் கட்டமாக இல்லாமல் தொடர்ச்சியாக மாறும்) கியர்பெட்டி. எண்ணெய் மாற்றிய பதிவு கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். அந்தப் பெட்டி போனால் காடியின் விலையில் பெரும்பங்கு போய்விடும்.

பெரிய குடும்பத்துக்காக எக்ஸோரா டர்போ பார்ப்பவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணெய் கூலர் ஹோஸை மாற்றித் தர 2018-இல் புரோட்டோன் அந்த எஞ்சின் காடிகளைத் திரும்ப அழைத்தது. அந்த வேலை நடந்ததா என்பதுதான் கேள்வி.

மைவியா விவாவா என்று மாதக்கணக்கில் தேடுவதைவிட, ஒரே ஆள் கையில் இருந்த, பராமரிப்பு தெரிந்த காடியைத் தேடுவது மேல். ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீரா, மூன்று கை மாறிய மைவியைவிட நம்பகமானது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது

பார்க்கப் போவதற்கு முந்தின இரவே விற்பவருக்குச் சொல்லிவிடுங்கள்: "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க அண்ணே." போனதும் போனட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே எடுத்து ஓட்டியிருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். பழைய எஞ்சின் மறைக்க முடியாத நேரம் காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முந்திய பத்து நிமிடமும் பிந்திய பத்து நிமிடமும்தான்.

முதலில் ரேடியேட்டர் மூடி. குளிர்ந்த எஞ்சினில் மட்டும் திறக்க வேண்டும். உள்ளே பச்சையோ சிவப்போ நிறத்தில் தெளிந்த கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) இருந்தால் நல்லது. செங்கல் கரைத்தது போல இருந்தால் பல வருடம் வெறும் தண்ணீரில் ஓடியிருக்கிறது; ரேடியேட்டர் குழாய்கள் அடைத்துக்கொண்டிருக்கும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் அங்கேயே விடைபெறலாம். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அது மலிவான சாமான்தான், ஆனால் அழுத்தம் நிற்காமல் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். மாற்றும்போது மூடியில் அச்சிட்ட அழுத்த எண் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.

அடுத்து எண்ணெய் ஊற்றும் மூடியின் அடிப்பக்கம். காப்பி நுரை போல வெளிறிய படலம் கொஞ்சம் இருந்தால் மட்டும் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டின் அடியில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். வீட்டிலிருந்து சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் காடியில் எஞ்சின் முழுச்சூடு ஏறாமல் நீராவி தங்கி அப்படி ஆகும். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் வரும் எண்ணெயும் பால் கலந்தது போல இருந்தால்தான் ஆபத்து. மூடி வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே உலோகம் தேன் நிறத்தில் பளபளத்தால் எண்ணெய் நேரத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. தார் போலக் கறுத்துக் கட்டியிருந்தால் மைவிக்கு அது பெரிய குறை: டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் டிவிவிடி வால்வும் எண்ணெய் அழுத்தத்தை நம்பியே வேலை செய்கின்றன.

இப்போது சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்புங்கள். எஞ்சின் விளக்கு, எண்ணெய் விளக்கு, பேட்டரி விளக்கு மூன்றும் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எஞ்சின் விளக்கு எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் அல்லது வேறு விளக்கோடு இணைத்திருக்கிறார்கள். விற்பனைக்கு வரும் பழைய காடிகளில் இது அடிக்கடி செய்யப்படுகிறது.

ஸ்டார்ட் செய்யும்போது நீங்கள் எஞ்சின் பக்கம் நின்று, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். செயின் எஞ்சினில் ஓரிரு நொடி கரகரப்பு சாதாரணம். அதைத் தாண்டியும் நீடித்தால் செயின் தளர்ந்திருக்கிறது. புகைக்குழாயைப் பாருங்கள். காலைக் குளிரில் வெள்ளை ஆவி வந்து மறைந்தால் பிரச்சினை இல்லை. எஞ்சின் சூடான பிறகும் இனித்த வாசனையோடு தொடர்ந்தால் கூலன்ட் எரிகிறது. நீலப் புகையை இரண்டு விதமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் ஐடலில் விட்டு, திடீரென்று மிதிக்கும்போது ஒரு குப்பென்று வந்து நின்றால் வால்வு சீல். அதைச் சகித்துக்கொண்டு ஓட்டலாம், விலையில் குறைக்கலாம். மேட்டில் ஏறும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங், வாங்க வேண்டாம்.

எஞ்சின் ஓடத் தொடங்கிய உடனே மேல் ரேடியேட்டர் ஹோஸை அழுத்துங்கள். ஓரிரு நிமிடத்திலேயே கல் போல இறுகினால் சிலிண்டரிலிருந்து வாயு தண்ணீருக்குள் போகிறது. சந்தேகம் இருந்தால் பட்டறையில் கசிவுச் சோதனை செய்யச் சொல்லுங்கள்: ரேடியேட்டர் வாயில் வைக்கும் குப்பியில் உள்ள நீலத் திரவம் மஞ்சளானால் ஹெட் கேஸ்கெட் போயிற்று. அதே ஹோஸ் ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறிக்கொண்டு வந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் சூடேறும் காடிக்கு முதல் மருந்தாகச் செய்யப்படுவது இதுதான், மிகத் தவறான மருந்தும் இதுதான். அடைத்த ரேடியேட்டர் அப்படியே இருக்கும். எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடி பெட்ரோலைக் குடிக்கும், எண்ணெயையும் கெடுக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத காடியை, ஒருகாலத்தில் சூடேறிய காடி என்றே கணக்கில் எடுங்கள்.

மல்டிமீட்டர் ஒன்று 30 வெள்ளிக்குள் கிடைக்கும், எடுத்துப் போங்கள். நிற்கும்போது பேட்டரி 12.5 வோல்ட், ஸ்டார்ட் செய்யும் நொடியில் 10-க்குக் கீழே அதிகம் இறங்கக் கூடாது, ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. ஓடும்போது 13-க்குக் கீழ் என்றால் ஆல்டர்னேட்டர் செலவு காத்திருக்கிறது.

உடம்பு: உரம், ரப்பர் பால்கட்டி, எலி

நகரத்துக் காடி வழிகாட்டிகளில் இல்லாத பகுதி இது. தோட்டப்புறக் காடியின் பின்பக்கச் சாமான் பெட்டியைத் திறந்து, விரிப்பையும் ஸ்பேர் தாயரையும் முழுதாக வெளியே எடுங்கள். செம்பனைக்குப் போடும் உரத்தில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது, அது ஓர் உப்பு. மூட்டையிலிருந்து சிந்திய உரம் விரிப்பின் அடியில் ஈரம் இழுத்து வருடக்கணக்கில் தகட்டைத் தின்னும். வெள்ளைப் பொடி, பச்சை நிறத் திட்டு, ஸ்பேர் தாயர் குழியில் ஓட்டை எதைக் கண்டாலும் அந்தக் காடி உரம் சுமந்திருக்கிறது. ரப்பர் பால்கட்டி ஏற்றிய காடியை மூக்கே சொல்லிவிடும். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் கட்டியிலிருந்து வடியும் நீரில் கலந்து, பின்பக்கத் தரையின் வெல்டிங் இணைப்புகளில் இறங்கும். வாசனைத் தைலம் இரண்டு மூன்று தொங்கவிட்ட காடியில் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

செம்மண் சகதி சக்கர வளைவுகளின் மடிப்பிலும் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியிலும் ஒட்டிக் காயாமல் கிடக்கும். வீராவில் பின் சக்கர வளைவு, முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு இரண்டும் முதலில் துருப்பிடிக்கும் இடங்கள். ஐஸ்பெட்டிக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஓட்டிப் பாருங்கள்; பிடிக்காத இடத்தில் பட்டி பூசிச் சாயம் அடித்திருக்கிறார்கள். ஸ்குரூட்ரைவரின் பிடியால் சில் பகுதியைத் தட்டினால் கெட்டியான தகடு கணீரென்று ஒலிக்கும், துருப்பிடித்தது பொத்தென்று ஒலிக்கும். கதவுத் துரு செலவு, தரைத்துரு ஆபத்து. ஜாக் வைக்கும் இடமும் அப்சோர்பர் உட்காரும் கோபுரமும் துருத்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

எலியை மறந்துவிடாதீர்கள். செம்பனைத் தோட்டத்தை ஒட்டி நிறுத்திய காடியின் எஞ்சின் அறையில் எலி கூடு கட்டும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பழத்தோலோ நாரோ இருக்கிறதா பாருங்கள். வயர் கட்டில் புதிதாகச் சுற்றிய கறுப்பு நாடா நிறைய இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கடித்த வயரால் வரும் கோளாறு வரும் போகும். எந்தப் பட்டறையிலும் எளிதில் பிடிபடாது.

வெள்ளத்தில் கிடந்த காடி வேறு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூரில் மட்டுமே எத்தனையோ காடிகள் மூழ்கின. கழுவிக் காயவைத்த காடி எந்த ஊருக்கும் வரலாம். சீட் பெல்ட்டை முடிவுவரை இழுங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு தெரியும், யாரும் அதுவரை கழுவ மாட்டார்கள். சீட்டின் தண்டவாளத் துரு, டேஷ்போர்டின் அடியில் உள்ள வயர் முனைகளில் பச்சைக் களிம்பு, இரண்டும் சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பது

கடைத்தெருவில் ஒரு சுற்று போதாது. லிந்தாங் சாலைப் பக்கம் போய், தோட்டத்துச் செம்மண் பாதையில் கண்ணாடியை இறக்கி, வானொலியை நிறுத்தி, 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் டக் டக்கென்று லேசாகக் கேட்டால் ஸ்டெபிலைசர் லிங்க், மலிவு. பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு தட்டு கேட்டால் லோயர் ஆர்ம் புஷ். மைவியில் ஸ்டீயரிங்கை நின்ற இடத்தில் இடமும் வலமும் சிறிது ஆட்டும்போது கையில் தட்டு உணர்ந்தால் ரேக்கோ அதன் இணைப்போ தேய்ந்திருக்கிறது. இந்த வயது மைவிகளில் இது சகஜம், செலவைக் கழித்து வாங்கலாம். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். கட கடவென்று சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட் முனை.

தானியங்கி கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டு என்-இலிருந்து டி-க்கு மாற்றுங்கள். ஒரு நொடிக்குள் மென்மையாகப் பிடிக்க வேண்டும். தாமதித்து இடித்தால் பெட்டி தேய்ந்திருக்கிறது. எண்ணெயைச் சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போதே பாருங்கள். பெரோடுவாவில் லிவர் பி-யில், வீராவின் மிட்சுபிஷி பெட்டிக்கு என்-இல் வைத்து டிப்ஸ்டிக்கை இழுக்க வேண்டும். மாற்றிப் பார்த்தால் அளவு தவறாகத் தெரியும். செந்நிறம் நல்லது, பழுப்பு பரவாயில்லை, கறுத்துக் கருகிய வாடை வந்தால் விட்டுவிடுங்கள்.

பிறகு கோலகங்சாரில் நெடுஞ்சாலை ஏறி மெனோரா சுரங்கம் நோக்கிய ஏற்றத்தில் ஏர்கோண்டைப் போட்டபடி ஓட்டுங்கள். ரேடியேட்டர், விசிறி, கியர்பெட்டி, பிஸ்டன் ரிங் நான்குக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்கும் இடம் அது. சூடு காட்டும் முள் அசையக் கூடாது. முள் இல்லாமல் விளக்கு மட்டும் உள்ள காடியில் சிவப்பு எரிந்தால் ஏற்கெனவே தாமதம், உடனே ஓரம் கட்டுங்கள். இறங்கி வந்து நிழலில்லாத இடத்தில் ஏர்கோண்டோடு 15 நிமிடம் ஐடலில் விடுங்கள். விசிறி தானே சுழன்று நிற்க வேண்டும், குளிர் குறையக் கூடாது. குளிர் மெல்ல விட்டுப்போனால் வாயு குறைவு. கசிவு டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் என்றால் அந்த டேஷ்போர்டைக் கழற்ற வேண்டிவரும்.

தாள்

பணம் குறைவாக இருப்பவர்களைக் குறிவைத்தே வருவது சம்போங் பாயார். வங்கிக் கடன் இன்னொருவர் பெயரில் இருக்க, மாதத் தவணையை நீங்கள் கட்டி ஓட்டுவது. அது சட்டப்படி செல்லாது. அவர் கட்டாமல் விட்டால், அல்லது நீங்களே கட்டினாலும் அவர் மனம் மாறினால், காடி போகும், கட்டிய பணமும் போகும். எவ்வளவு நெருங்கிய உறவானாலும் வேண்டாம்.

கெரானில் (காடியின் உரிமைப் பத்திரத்தில்) உள்ள பெயர் யாருடையது, அவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். காலமான அப்பாவின் பெயரிலேயே வருடக்கணக்கில் ஓடும் காடிகள் தோட்டங்களில் உண்டு. வாரிசு கையெழுத்துப் போட்டால் போதாது. இறந்தவர் சொத்தை நிர்வகிக்கும் அரசு நிறுவனமான அமானா ராயா வழியாகவோ நீதிமன்ற வழியாகவோ உரிமை பெற்ற பிறகே விற்க முடியும், அதற்கு மாதங்கள் ஆகலாம். முன்பணம் கொடுக்காமல் காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள்.

கெரானில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் காடியில் பொறித்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எஞ்சின் மாற்றிப் பதிவு செய்யாத காடி பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனையிலேயே நின்றுவிடும். கறுப்புக் கண்ணாடியும் அங்கே தடுக்கும்: முன் கண்ணாடி 70 விழுக்காடு, முன் கதவுக் கண்ணாடி 50 விழுக்காடு வெளிச்சம் விட வேண்டும். சமன் (போக்குவரத்து அபராதம்) பாக்கியும் வங்கி உரிமைக் குறிப்பும் தீர்ந்த பிறகு, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யில் பெயர் மாறும் நாளில் முழுப் பணம் கொடுங்கள். அதற்கு முன் கொடுக்கும் முன்பணத்துக்கு அடையாள அட்டை எண்ணோடு கையெழுத்திட்ட தாள் வாங்குங்கள்.

சாலை வரி தீபகற்பத்தில், எக்ஸோரா போன்ற எம்பிவி அல்லாத காடிக்கு, 1000 சிசி வரை 20, 1200 வரை 55, 1400 வரை 70, 1600 வரை 90 வெள்ளி. 1600-ஐத் தாண்டினால் 200-இலிருந்து தொடங்கும். உங்கள் பெயரில் முன்பு காப்புறுதி இருந்திருந்தால் அதன் என்சிடி (இழப்பீடு கோராததற்கான தள்ளுபடி) உங்களுடையது, காடியோடு போகாது. புதிய காப்புறுதிக்கு அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

வாங்கிய முதல் இரண்டு வாரம்

ஒதுக்கிய 3,000 வெள்ளி எப்படிக் கரையும் என்பதற்கு மைவி 1.3 தானியங்கியை வைத்து ஓர் உத்தேசக் கணக்கு. பட்டறைக்குப் பட்டறை விலை மாறும். 175/65 ஆர்14 அளவில் நான்கு தாயர் 640. தாயர் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 1519 என்றால் 2019-இன் 15-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியது எவ்வளவு பூ (தாயரின் வரிப்பள்ளம்) இருந்தாலும் மழையில் பிடிக்காது. பேட்டரி 220. எஞ்சின் எண்ணெயும் ஃபில்டரும் 130. ஏறக்குறைய 3 லிட்டர் போகும், நான்கு லிட்டர் போத்தலை முழுக்க ஊற்றிவிடாமல் டிப்ஸ்டிக்கைப் பார்த்து நிறுத்துங்கள். தெர்மோஸ்டாட், மேல் கீழ் ஹோஸ், ரேடியேட்டர் மூடி, கூலன்ட் சேர்த்து 280. பிளக் 90. முன் அப்சோர்பர், மவுண்டிங், லோயர் ஆர்ம் புஷ் 650. மொத்தம் 2,010. மீதியில் கியர் எண்ணெய், பிரேக் எண்ணெய், காப்புறுதி.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யப் பணம் இல்லையென்றால் வரிசை இது: தண்ணீர் வழி, பிரேக், தாயர், எண்ணெய், அதன் பிறகுதான் அப்சோர்பர். பெல்ட் எஞ்சின் வாங்கியவர்கள் டைமிங் பெல்ட்டை முதல் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பிரிக்கும்போதே டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றுங்கள், கூலி ஒரே கூலிதான்.

கியர் எண்ணெயை இயந்திரம் வைத்து முழுதாக அலசித் தருகிறோம் என்பார்கள். பல வருடம் மாற்றாத பெட்டிக்கு அது வேண்டாம். படிந்திருந்த அழுக்கு கிளம்பி வால்வுகளில் அடைக்கும். அடித்தட்டின் போல்ட்டைக் கழற்றி வடிய விட்டால் மொத்தத்தில் பாதிக்கும் குறைவாகவே இறங்கும். இறங்கிய அளவை ஒரு போத்தலில் அளந்து அதே அளவு புதியது ஊற்றுங்கள். 1,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடியும், இன்னொரு 1,000 கழித்து மூன்றாம் முறையும் இப்படியே செய்தால் பெரும்பகுதி புதிதாகிவிடும். வடிந்த எண்ணெயில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். மாவு போலச் சாம்பல் ஒட்டினால் வயதுக்கான தேய்மானம். கையில் குத்தும் துண்டுகள் வந்தால் இரண்டாவது முறைக்கு எண்ணெய் வாங்கும் முன் ஈப்போ பொட்டோங் கடைகளில் ஒரு பழைய கியர்பெட்டி என்ன விலை என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.